காய்ச்சல் விட்டாச்சு, இனி ஓடலாமா?

மழை தொடங்கினால் திருகோணமலையில் தடிமனும் காய்ச்சலும் வழமைதான். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி, படுத்து எழும்பியவர்கள் கேட்டவை.

மூக்கடைப்பும் தும்மலும் மட்டும்தான். பின்னேரம் பந்தடிக்கப் போகலாமா? (உப்புவெளி, வயது 22)

தொல்லை கழுத்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் போகலாம் தம்பி. முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். தலை கனத்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். நெஞ்சுச் சளி, உடம்பு உளைவு, வயிற்றோட்டம், காய்ச்சல் இதில் ஒன்று இருந்தாலும் மைதானம் வேண்டாம். ஓடி வேர்த்தால் காய்ச்சல் விட்டிடும் என்று கூட்டாளிகள் சொல்வார்கள், கேட்காதீர்கள். உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினாலே இதயம் நிமிடத்துக்குப் பத்துத் தடவையளவு கூடுதலாக அடிக்கும். சில வைரசுகள் இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கும். அது அரிது, ஆனாலும் காய்ச்சலோடு ஓடி அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம். இன்னொன்று, ஒரே போத்தலில் எல்லாரும் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்துங்கள்.

மூன்று நாள் காய்ச்சல், இன்று விட்டுவிட்டது. இவர் கடலுக்குப் போகிறேன் என்று நிற்கிறார். (திருக்கடலூர்)

இப்போதைக்கு விடாதீர்கள். டெங்கு என்றால் ஆபத்தான கட்டம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும், ஆளோ தெளிவாக இருந்து எனக்குச் சுகம் என்பார். இன்றைக்கே இரத்தம் சோதித்து, குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கையை வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்று நோ, விடாத சத்தி, முரசில் இரத்தம், சலம் குறைதல், அளவுக்கு மிஞ்சிய சோர்வு எதைக் கண்டாலும் நேரே ஆஸ்பத்திரிதான். நோவுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. இபுபுரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் பக்கமே போகக்கூடாது.

டெங்கு இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டால், பனடோல் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முற்றத்தில் நடக்கட்டும், அடுத்த நாள் நிழலில் இருந்து வலை பொத்தட்டும். அதற்கும் அடுத்த நாள் காலையில் களைப்பில்லாமல் எழும்பினால் கொஞ்சம் கூட்டலாம். வள்ளம் தள்ளுவதும் வலை இழுப்பதும் கடைசியில். கடலில் தலை சுற்றினால் பிடிக்க ஆள் வேண்டும், தனியாக அனுப்பாதீர்கள்.

வைரஸ் காய்ச்சல் வந்து ஒரு கிழமை. கோணேசர் கோயில் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. முன்பு நில்லாமல் ஏறுவேன். (வயது 54)

காய்ச்சலுக்குப் பிறகு ஒன்றிரண்டு கிழமை இப்படி இருப்பது சாதாரணம். ஏற்றத்தைத் தள்ளிப்போட்டு, டச்சு விரிகுடாப் பக்கம் சமதரையில், முன்பு நடந்ததில் பாதித் தூரம் நடவுங்கள். பூழி மணல் வேண்டாம், அதில் கால் புதையப் புதைய வேலை கூடும். கூட வருபவரோடு கதைத்துக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. ஒரு வசனத்தை முடிக்க முன்னர் மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் கூடிவிட்டது. அன்றைய உற்சாகத்தை நம்பாதீர்கள், மறுநாள் காலை கால்கள் எப்படி இருக்கின்றன என்பதுதான் கணக்கு. சில நாள் போனதும் கோட்டை வாசல்வரை போய் மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், கோயில் படி ஏறுவதைப் பிறகு பார்க்கலாம். சமதரையிலேயே மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், படபடத்தால் நடப்பதை விட்டுவிட்டு ஈசிஜி எடுங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் தடிமன் போகுமா?

போகாது. வெந்நீர் உடம்புக்கு இதம், அவ்வளவுதான். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு ஈரத்தலையோடு மோட்டார் சைக்கிளில் வராமல் துவட்டிக்கொண்டு வாருங்கள். காய்ச்சலும் தலைச்சுற்றும் இருந்தால் போகவே வேண்டாம்.

அப்பாவுக்கு 74. சளிக்காய்ச்சல் விட்டும் கட்டிலை விட்டு எழும்புகிறார் இல்லை. ஓய்வு நல்லதுதானே?

இந்த வயதில் நாட்கணக்காகப் படுத்தால் கால் தசை விறுவிறுவென்று கரையும். பிறகு எழும்பும்போது விழுவார். முதலில் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் இருத்தி, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். திடீரென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கால் ஒன்று மட்டும் வீங்கி நொந்தால் உடனே காட்ட வேண்டும். மற்றபடி சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் விறாந்தைக் கதிரையில் வைத்துக் கூப்பிடுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.