கதவைத் திறக்காத அக்கா வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டுமா?

கேள்வி இதுதான்: அப்பா விட்டுப்போன வீட்டைப் பங்கு போட்டதில் உங்கள் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். மனதார மன்னித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனீர்கள். உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. கிறிஸ்தவர் என்பதற்காக இன்னும் எவ்வளவு இறங்கிப் போவது, தன்மானம் என்று ஒன்று இல்லையா என்று கேட்கிறீர்கள்.

மன்னிப்பது உங்கள் வேலை. அதை அக்கா ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் அவர் விருப்பம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், "நானே இறங்கிப் போனேன், அவளுக்கு இவ்வளவு திமிரா" என்று பழைய கோபத்துக்கு மேல் புதுக் கோபமும் சேர்ந்துவிடும்.

லூக்கா 9-ம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். இயேசு எருசலேமுக்குப் போகிற வழியில் ஒரு சமாரியர் கிராமத்தில் தங்க இடம் கேட்டு ஆள் அனுப்புகிறார். இல்லை என்றுவிடுகிறார்கள். எருசலேமுக்குப் போகிறவர் என்பதுதான் காரணம். யூதருக்கும் சமாரியருக்கும் அவ்வளவு பழைய பகை. சீடர்களான யாக்கோபுக்கும் யோவானுக்கும் ஆத்திரம். வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்து ஊரையே எரித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். இயேசு அதட்டுவது அந்த ஊர்க்காரர்களை அல்ல, இவர்களைத்தான். அப்புறம் எல்லோரும் வேறு கிராமத்துக்குப் போய்விடுகிறார்கள். வாசலில் நின்று கெஞ்சவும் இல்லை, சாபம் விடவும் இல்லை. தன்மானம் இதில் எங்கே குறைந்தது?

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு, பிரசங்கங்களில் அதிகம் கேட்டதில்லை. அப்போஸ்தலர் 8-ல், சமாரியர் வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்ததும் எருசலேமிலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறார்கள். ஒருவர் பேதுரு. இன்னொருவர் அதே யோவான். எரித்துவிடலாமா என்று கேட்டவர் அந்த ஜனங்கள் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. அன்றைக்கு அந்தக் கிராமம் எரிந்திருந்தால் இது நடந்திருக்காது.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். நாங்கள் வேலூர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் நேரம் வரும். பக்கத்தில் இருப்பவரின் வலது உள்ளங்கையோடு நம் வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மேலே மூடிப் பிடிப்போம். அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் போகும். சித்தப்பா குடும்பமும் அதே சபைதான். நிலத் தகராறுக்குப் பிறகு முதல்முறை அப்பா திரும்பிக் கையை நீட்டியபோது, சித்தப்பா பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டை விரல் அட்டையில் அழுந்தி வெளுத்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்து நின்ற பாட்டிக்குக் கொடுத்தார். அடுத்த மாதமும் நீட்டினார்.

என் கல்யாணப் பத்திரிகையை அவர்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை பாக்கோடு வைத்துவிட்டு வந்தோம். வரவில்லை. நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்பார்களே, சித்தியின் அம்மா தவறியபோது அப்பா கூப்பிடாமலே போய், குழி வெட்ட ஆள் பிடிப்பது, நாற்காலி எடுப்பது என்று எல்லாம் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. இன்றுவரை சித்தப்பா கை கொடுத்ததில்லை. அப்பாவும் இடம் மாறி உட்காரவில்லை. அப்பா முகத்தில் கசப்பு இல்லை, அதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் கதை தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது மருத்துவர் இல்லை. மருத்துவரான தந்தையை அனுப்புகிறேன் என்றார். ஆண் தொடக்கூடாது என்று மூன்று பேருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். "கொடுத்த உதவியைத் தள்ளினார்களே" என்று அவர் அவர்கள்மேல் பழி போட்டு ஒதுங்கியிருக்கலாம். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி). ஏன் தள்ளினார்கள் என்று யோசித்ததைத்தான் நான் தாழ்மை என்பேன். உங்கள் அக்காவுக்கும் ஏதோ காரணம் இருக்கும். அது நியாயமாகவே இருக்க வேண்டும் என்றில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடிபடுகிறவரிடம் போய் "தாழ்ந்து போ, மன்னித்துவிடு" என்று சொல்வது கிறிஸ்தவம் அல்ல. தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களில் இன்னமும் சாதிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அந்தச் சுவரை இடிக்காமல், ஒதுக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எந்தச் சபைக்கும் உரிமை இல்லை. அக்கா வீட்டில் கை நீட்டி அடிக்கிற நிலைமை இருந்தால் நீங்களும் போகாதீர்கள், தூர இருந்தே ஜெபியுங்கள்.

அப்படி இல்லையென்றால், கொஞ்ச நாள் விடுங்கள். ரோமர் 12:18-ல் பவுலே எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும்போது "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் சொல்கிறார். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் செய்தால் யார் கையிலாவது கொடுத்தனுப்புங்கள், சாப்பிட்டார்களா என்று விசாரிக்க வேண்டாம். உறவுக்காரர்களிடம் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேசாதீர்கள், அது அரை மணி நேரத்தில் அங்கே போய்ச் சேரும். பாகப்பிரிவினைப் பத்திரத்தை மட்டும் முறையாகப் பதிவு செய்துவிடுங்கள், அவர் பங்கு ஒரு அடிகூடக் குறையாமல்.