பறை அடிக்கும்போது புல்லாங்குழலை எங்கே வைப்பது?

இரண்டு கையும் பறையில் இருக்கும், ஆனால் பாட்டின் நடுவே குழல் சட்டென்று வேண்டும். அதற்கு வேண்டியது இடுப்புறை, அதாவது குழல் செங்குத்தாக நிற்கும், வாய் திறந்த ஒரு குழாய். பனையேறி இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. கை மரத்தில், அரிவாள் எட்டும் தூரத்தில்.

வேட்டி மடிப்பில் செருகினால் என்ன? குனிந்த கணமே குழல் அழுந்துவது தெரிந்துவிடும். மூங்கில் புல் இனம். அதன் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் விறகு பிளப்பதுபோல நெடுக விரியும். வாசித்த குழலின் உள்ளே மூச்சின் ஈரம், வெளியே வெயில். வெளிப்பக்கம் காய்ந்து சுருங்க, உள்பக்கம் ஊறி நிற்க, விரிசல் விழுகிறது. அழுத்தத்தைவிட வெளியிடங்களில் இந்த இழுபறிதான் பெரிய எதிரி.

ஒன்றேகால் இஞ்ச் பிவிசி குழாய் ஒரு துண்டு போதும். உள்ளே பழைய பருத்தித் துணி ஒட்டி, அடியில் நாலைந்து துளை போடுங்கள். பறை இடப்பக்கம் தொங்கும், ஆகவே உறை வலது இடுப்பில், சற்றுப் பின்தள்ளி. குழலின் வாய்த்துளை மேலே இருக்கட்டும், எடுத்ததும் உதட்டுக்கு வந்துவிடும். ஆடிக்கொண்டே அடிப்பவர் என்றால் மேலே ஒரு எலாஸ்டிக் வளையமும் மாட்டுங்கள். வாசித்து முடித்த கையோடு வெயிலில் கிடத்தாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், இறுக மூடிய பெட்டிதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஈரக் குழலை அப்படி அடைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும்.