பழைய காரை ஓடும் நிலையில் வைத்திருப்பது எப்படி? – கேள்வி பதில்

பழைய கார் வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை எடுத்துக்கொண்டேன். கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) பாயின்ட்டும் (பிளக்கில் பொறி வர கரண்ட்டைத் துண்டித்துச் சேர்க்கும் முனைகள்) உள்ள, கம்ப்யூட்டர் இல்லாத வண்டிகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: சார், முதல்முறையாக ஒரு பழைய கார் வாங்கப் பார்க்கிறேன். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, பெயிண்ட் பளபளக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். இன்ஜின் கெட்டால் இறக்கிச் செய்துவிடலாம். பாடி அரித்திருந்தால் செலவுக்கும் நாளுக்கும் அளவே கிடையாது. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். கதவின் அடிப்பக்கம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி, சக்கர வளைவு, ஸ்டெப்னி வைக்கும் குழி என்று வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். காந்தம் ஒட்டாமல் நழுவும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் தகரம் இல்லை, ஓட்டையை நிரப்பிப் பூசிய பட்டிதான் இருக்கிறது. (அலுமினிய பாடிக்கு இந்தச் சோதனை செல்லாது.) உள்ளே மேட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு அதன் அடித்தட்டையும் பாருங்கள், ஆசிட் தின்றிருக்கும். மூடிய கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் பாடி தொங்கியிருக்கிறது, அல்லது எப்போதோ அடி வாங்கியிருக்கிறது.

இன்னொன்று, முதல் வண்டி அபூர்வமானதாக இருக்க வேண்டாம். ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2003 வரை வந்தது, எண்ணிக்கை இரண்டு கோடியைத் தாண்டும். அதனால்தான் இவற்றுக்கு இன்றும் புது உதிரி பாகம் செய்கிறார்கள். சில நூறு மட்டுமே வந்த வண்டியில் ஒரு ஹெட்லைட் கண்ணாடி உடைந்தால் வருடக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: அண்ணா, தாத்தாவின் கார் பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. நின்ற வண்டியில் சிலிண்டர் காய்ந்துபோய், பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் ரிங் உடையும். முதலில் ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அப்புறம் நியூட்ரலில் வைத்து, இன்ஜினின் முன்னால் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் நிம்மதி. இறுகி நின்றால் பலத்தைக் காட்டாமல் மறுபடி ஊறவிடுங்கள்.

சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். டாங்கில் இருக்கும் பெட்ரோல் பிசினாகியிருக்கும், அதை உள்ளே விடாதீர்கள். தனி கேனிலிருந்து கார்புரேட்டருக்கு ஹோஸ் கொடுங்கள். ஏர் கிளீனரைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்ட சந்தோஷத்தில் தெருவுக்கு எடுத்துவிடாதீர்கள். பிரேக் முழுவதையும் பிரித்துப் பார்க்காமல் அது ஒரு அடிகூட நகரக் கூடாது.

கேள்வி: வண்டியை அதிகம் எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும்தானே?

அதற்கு ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடலாம். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. இன்ஜின் முழுச் சூடு ஏறினால் அது ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலை அதிகமாக்குவது) இழுத்து ஓடியதில் பெட்ரோலும் ஆயிலில் இறங்கும். மாதம் இரண்டு முறை எடுத்து, அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள். பிரேக், கிளட்ச், கியர், ஆயில் சீல், டயர் எல்லாமே அசைந்தால்தான் நன்றாக இருக்கும். இந்தக் கார்கள் ஓடி வீணானதைவிட நின்று வீணானதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என்னிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் சொல்வது ‘வண்டியை எடுங்கள்’ என்பதுதான்.

கேள்வி: காலையில் நன்றாக ஓடுகிறது. சூடானதும் திக்குகிறது, சில நேரம் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தும் சரியாகவில்லை.

கார்புரேட்டரை விட்டுவிட்டு, பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பாதிக்குமேல் கரண்ட் கோளாறுதான். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதலில் பாயின்ட்டோடு இணைந்த சின்ன மின்பாகமான கண்டென்சரைச் சந்தேகிப்பேன். சூடானதும் அது செயலிழக்கும், ஆறினால் திரும்பி வரும். பாயின்ட் கருகிக் குழி விழுந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும்.

பாயின்ட் மாற்றும்போது இடைவெளியைக் கண்ணால் பார்த்து வைக்காதீர்கள். இன்ஜினை மெதுவாகச் சுற்றி, பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் கேமின் உச்சியில் உட்காரும்படி நிறுத்துங்கள். அப்போதுதான் இடைவெளி முழுதாகத் திறந்திருக்கும். பல வண்டிகளுக்கு 0.4 மி.மீ. ஒட்டி வரும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு போய்வர வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் குதிகால் சீக்கிரம் தேயாது. இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறும், எனவே அதையும் சரிபார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

கேள்வி: நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது.

இன்ஜின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் பொங்கி, உள்ளே வழிந்திருக்கும். சோக் இழுக்காதீர்கள், ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்கவும் வேண்டாம். ஒரே மிதியாக முழுதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள்.

கேள்வி: ஈயம் இல்லாத பெட்ரோல், எத்தனால் கலந்த பெட்ரோல் இரண்டுமே பழைய இன்ஜினைக் கெடுக்கும் என்கிறார்களே?

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஈயம் பெட்ரோலில் சேர்ந்ததே 1920-களில்தான். அதற்கு முந்தைய வண்டிகள் ஈயத்தைப் பார்க்காமலே ஓடியவை. கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் விற்பனையை நிறுத்தியதோடு காருக்கான ஈயப் பெட்ரோல் உலகத்திலேயே இல்லாமல் போனது. ஈயம் இல்லாவிட்டால் மென்மையான எக்ஸாஸ்ட் வால்வு சீட் (புகை வெளியேறும் வால்வு உட்காரும் இடம்) தேயும் என்பது உண்மை. ஆனால் அது நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓட்டும்போது நடப்பது. நிதானமாக ஓட்டுபவர்கள் பயப்பட வேண்டாம். வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விடும் இடைவெளி) குறைந்துகொண்டே வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஹெட் எப்போதாவது இறங்கும்போது கடினமான சீட் போட்டுவிடலாம்.

எனக்குக் கவலை எத்தனால்தான். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், கார்க் மிதவை எல்லாவற்றையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டாங்க் முதல் கார்புரேட்டர் வரை எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த புது ஆயில் ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லதுதானே?

இல்லை. இன்றைய மெல்லிய ஆயில் பழைய பேரிங்குகளின் இடைவெளிக்குப் போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பல வண்டிகளுக்கு 20டபிள்யூ-50 என்ற கெட்டி வகை சரியாக வரும். துத்தநாகச் சேர்க்கை உள்ளதாக வாங்குங்கள். கேமையும் டாப்பெட்டையும் தேயாமல் காப்பது அதுதான். கியர் ஆயிலில் ஜிஎல்-4 கேட்ட வண்டிக்கு ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதன் ரசாயனம் பித்தளை, வெண்கல பாகங்களை அரிக்கலாம்.

கேள்வி: பிரேக் பிடிக்கிறது. இருந்தாலும் பிரேக் ஆயில் மாற்ற வேண்டுமா?

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். டாட் 3, டாட் 4 இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டரை அரிக்கும், இறக்கத்தில் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் தரை வரை போகும். அதைவிட முக்கியம், இந்த வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கிலும் பிரேக் இருக்காது. மிச்சம் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான், அதனால் அது எப்போதும் நன்றாகப் பிடிக்கும்படி வைத்திருங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: புது பேட்டரி மாட்டியதும் ரேடியோ போய்விட்டது.

பாசிட்டிவ் எர்த் வண்டியாக, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் இணைத்த வண்டியாக இருக்கும். 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்கள் அப்படித்தான் வந்தன. கேபிளைத் தொடும் முன் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் நிறைய இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பட்டனைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019-ன் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தையது, உடனே கழற்றுங்கள். பத்து வயதான டயரை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: ஐயா, வண்டியை முழுவதும் பிரித்துப் புதுசு போல ஆக்குவதா, இருப்பதை அப்படியே வைப்பதா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அப்படியே வையுங்கள் என்பதுதான் என் கட்சி. தேய்ந்த சீட்டும் மங்கிய பெயிண்டும் அந்தத் தொழிற்சாலையில் போட்டவை என்றால், அவற்றை ஒருமுறை உரித்துவிட்ட பிறகு எத்தனை செலவழித்தாலும் திரும்ப வராது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும், 30 வயதானால் மட்டும் போதாது, வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. துருவை நிறுத்துங்கள், பிரேக், ஸ்டீயரிங், வயரிங் மூன்றையும் பழுதில்லாமல் செய்யுங்கள், மற்றதில் கை வைக்காதீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாதிரி எதையாவது போட்டால் பழையபடி திருப்பிவிடக் கூடியதாக இருக்கட்டும், துளை போடாதீர்கள், வெட்டாதீர்கள். கழற்றிய பாகத்தைப் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். பாடி அரித்துச் சேஸிஸ் வரை போய்விட்ட வண்டி என்றால் வேறு வழியில்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரிக்கும் முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு மெக்கானிக் வேலை ஒன்றுமே தெரியாது. ஒரு பெண்ணாக இதைக் கற்றுக்கொள்ள எங்கே ஆரம்பிப்பது?

கிரீஸ் அடிப்பதில் ஆரம்பியுங்கள் தங்கச்சி. பலம் தேவையில்லை, வண்டியின் அடிப்பகுதி முழுவதும் உங்களுக்குப் பழகிவிடும். கையேட்டில் கிரீஸ் நிப்பிள்கள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனைகள்) எங்கெங்கே என்று படம் இருக்கும். பல வண்டிகளுக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை அடிக்கச் சொல்லியிருப்பார்கள். நிப்பிளைத் துடைத்துவிட்டு கிரீஸ் கன்னை மாட்டுங்கள், இல்லாவிட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். பழைய கறுப்பு கிரீஸ் வெளியே பிதுங்கி, பின்னால் புதியது எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கு அடிக்கும்போது வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திக்கொள்ளுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்தில் பாரம் இல்லாதபோதுதான் கிரீஸ் கீழ் புஷ் வரை இறங்கும்.