கண்ணைப் படம் எடுத்துவிட்டு யூரின் டெஸ்ட் எதற்கு?

கேள்வி: டாக்டரம்மா, சோமனூரில் தறி ஓட்டுகிறேன். வயது 54, சர்க்கரை வந்து 11 வருஷமாகிறது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் படம் எடுத்து, ஆரம்ப நிலை ரெட்டினோபதி, அதாவது சர்க்கரையால் விழித்திரை கெடுவது என்றார்கள். கையோடு கிட்னிக்கு யூரின் டெஸ்ட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பார்வை பளிச்சென்று இருக்கிறது. பாவு இழை அறுந்தால் தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவேன். கண்ணுக்கும் கிட்னிக்கும் என்னங்க சம்பந்தம்? லேப்காரரோடு ஏதாவது ஏற்பாடா?

பதில்: அப்படி ஏற்பாடு வைத்திருக்கிற ஆட்களே இல்லையென்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் உங்களுக்கு எழுதியது நியாயமான சீட்டுதான்.

கடிதத்தோடு அனுப்பிய படத்தைக் கையில் எடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் தெரிவது விழித்திரை. ஓரமாக இருக்கும் வெளிர் மஞ்சள் வட்டத்திலிருந்து ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து போகின்றன. நடுவில் கொஞ்சம் கருத்த இடம் மாகுலா. படிப்பதும் இழை பார்ப்பதும் அதனால்தான். அதற்கு மேலே குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? பழைய சைக்கிள் டியூபில் மொட்டு கிளம்புமே, அதுபோல நுண்குழாயின் சுவர் தளர்ந்து புடைத்திருக்கிறது. பக்கத்தில் மஞ்சள் துணுக்குகளாக இருப்பது கசிந்து படிந்த கொழுப்பு. மாகுலாவின் நடுவை அது இன்னும் தொடவில்லை. பார்வை பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

கத்தி வைக்காமல் உடம்பின் ரத்தக்குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. 1851-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதற்கொரு கருவியை வெளியிட்ட நாளிலிருந்து மருத்துவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சர்க்கரை கண்ணோடு நிற்பதில்லை. இதேபோன்ற நுண்குழாய்கள்தான் சிறுநீரகத்தின் வடிகட்டியிலும், பாதத்து நரம்புகளுக்கு ரத்தம் கொடுக்கும் இடத்திலும் இருக்கின்றன. இங்கே கொழுப்பு கசிந்தால், அங்கே ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் முறை. ரெட்டினோபதி உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்ற சர்க்கரைக்காரர்களைவிட அதிகம் வருகின்றன என்பதும் தெரிந்த விஷயம்.

'ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு நார்மல்' என்று போன வருஷ ரிப்போர்ட்டை நீட்டாதீர்கள். சிறுநீரகம் பாதிக்குப் பாதி கெட்ட பிறகுதான் பலருக்கு அது ஏறும். நீங்கள் பார்க்க வேண்டியது யூரின் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம். 30-க்குக் கீழே இருந்தால் சரி. கூடி வந்தால் உடனே பதற வேண்டாம். காய்ச்சலிலும் நீர்க்கடுப்பிலும்கூடக் கூடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, அதில் இரண்டு கூடியிருந்தால்தான் கணக்கு.

அப்புறம், சாப்பிடுகிற சர்க்கரை மாத்திரை பேரெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள், பிபி பற்றி ஒரு வார்த்தை இல்லை! 1998-இல் வெளிவந்த இங்கிலாந்தின் யுகேபிடிஎஸ் என்ற சர்க்கரை நோய் ஆய்வில், பிபியைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு ரெட்டினோபதி முற்றுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்த வாரமே பாருங்கள். பாதத்தையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரே கண் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுமாமே, நம்பலாமா? (பெருந்துறை வாசகர்)

பதில்: ரெட்டினோபதி இருக்கிறதா என்று சலித்தெடுக்க நம்பலாம். 2016-இல் வெளிவந்த கூகுள் ஆய்வுக்குப் படம் தந்தவற்றில் நம் அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் உண்டு. 2018-இல் அதே வகைப் படத்தை வைத்து வயதையும் பிபியையும் புகைப்பழக்கத்தையும் ஓரளவு கணித்துக் காட்டினார்கள். பீடியை ஒளித்துப் பயனில்லை! ஆனால் புரை விழுந்து படம் மங்கினால் மெஷின் கையை விரித்துவிடும். நேரே கண் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

கேள்வி: மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. கண் படம் சுத்தமாக வந்துவிட்டது. கிட்னி டெஸ்ட் வேண்டாம்தானே? மூட்டுவலிக்கு மட்டும் மாத்திரை வாங்கிப் போடுகிறார். (கோபி வாசகி)

பதில்: வேண்டும், அம்மிணி. இரண்டாம் வகைச் சர்க்கரையில் கண் நன்றாக இருந்தும் கிட்னி கெட்டவர்கள் நிறையப் பேர். கண் சுத்தமாக இருந்து யூரினில் புரதம் போனால், சர்க்கரையைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்றும் தேடுவோம். அப்போது நான் முதலில் கேட்பது கிட்னியைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரையைத்தான். மருந்துக்கடையில் சொல்லி வாங்குகிற அந்த அட்டையையும் டெஸ்ட்டுக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்க.