கழுவுகிறவர் கடைக்கு வரட்டும்

வாசகர் கேள்வி பதில்

அக்கா, பொங்கோலில் புது வீட்டுக்குச் சாவி கிடைத்ததும் நானும் மனைவியும் ஆசை ஆசையாக ஒரு கெட்டில் வாங்கினோம். பெட்டியில் ஏதோ வடிவமைப்பு விருது முத்திரை, விலை நூறு வெள்ளிக்கு மேல். பார்க்க அழகுதான், ஆனால் மூடியைத் திறந்தால் ஆவி நேராகக் கையில் அடிக்கிறது. உள்ளே கைவிட்டுக் கழுவவும் முடியவில்லை. இந்த விருதெல்லாம் சும்மாவா?
– புது மாப்பிள்ளை, பொங்கோல்

சும்மா இல்லை தம்பி, ஆனால் அது எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெட்டியில் இருந்தது எந்த விருது என்று எழுதவில்லை, அதனால் நம் சிங்கப்பூரில் பலருக்கும் தெரிந்த ரெட் டாட் வடிவமைப்பு விருதையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் தொடங்கியது அது. நிறுவனங்கள் தாங்களே கட்டணம் கட்டிப் பொருளை அனுப்ப வேண்டும், நடுவர் குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கும். அனுப்பாத பொருளுக்கு விருது கிடையாது. கேம்பல் லேன் கடைகளில் தொங்குகிற தேங்காய்த் துருவிக்காக யார் போய்க் கட்டணம் கட்டப்போகிறார்கள்? ரெட் டாட்டின் அரும்பொருளகம் முன்பு மேக்ஸ்வெல் சாலையில் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் இருந்தது, 2017ல் மரினா பேக்குப் போய்விட்டது. ஒரு நாள் போய்ப் பாருங்கள், பொழுது நன்றாகப் போகும். ஆனால் அங்கே யாரும் தண்ணீர் கொதிக்க வைத்துக் காட்டுவதில்லை.

நான் கடையில் ஒரு வேலை செய்வேன், என் பிள்ளைகளுக்கு அது பெரிய மானக்கேடு. பொருளைக் கையில் எடுத்து, அங்கேயே நின்று, கழுவுகிற மாதிரி நடித்துப் பார்ப்பேன். முஷ்டி உள்ளே போகிறதா? ஒரு கையில் கரண்டி இருந்தால் மறு கையால் மூடியைத் திறக்க முடியுமா? அப்புறம் இரண்டு பாகம் சேரும் இடங்கள், அதாவது கைப்பிடி ஆணி, மூடியின் விளிம்பு, ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம், இவற்றை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பேன், ஏனென்றால் நகம் மாட்டுகிற இடத்தில் நாளைக்குச் சாம்பார் மாட்டும். என்னிடம் ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது, சொட்டுக்கூட ஒழுகாது, அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த வளையத்தைப் பல் குத்தும் குச்சியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் அடியில் கருப்பாக ஒரு கோடு. இரண்டு மாதத்தில் தயிர்சாதத்துக்கும் மீன்குழம்பு வாசம் வந்துவிட்டது.

நம் டபரா டம்ளரைப் பாருங்கள். விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், அதனால் சூடான காபியிலும் அந்த ஓரத்தைப் பிடித்துத் தூக்கலாம். மூடி கிடையாது, திருகு கிடையாது, இடுக்கு கிடையாது, கழுவ அரை நிமிடம். இன்னொன்று, ஜப்பானிய உணவுக் கடை மேசையில் பார்த்திருப்பீர்களே, சிவப்பு மூடி போட்ட கிக்கோமான் சோயா சாஸ் பாட்டில். கெஞ்சி எக்குவான் என்பவர் 1961ல் வடிவமைத்தது. அடி அகலம், தட்டினால் சட்டென்று சாயாது. எவ்வளவு மிச்சம் என்று கண்ணாடி வழியே தெரியும், ஊற்றிவிட்டு நிமிர்த்தினால் ஓரத்தில் வழியாது. சில வெள்ளிதான் விலை. நம் வீட்டு எண்ணெய்த் தூக்குக்கு அந்த மூக்கு மட்டும் வாய்த்திருந்தால் எத்தனை அலமாரித் தாள் மிச்சமாகியிருக்கும்!

சரி, உங்கள் கெட்டில். அதைத் தண்ணீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பாத்திரம் கழுவுகிறவர் யாரோ அவர் கடைக்கு வரட்டும். நீங்களேதான் என்றால் மன்னிக்கவும், கேள்வியின் தொனியில் எனக்கு அப்படித் தெரியவில்லை.

மகனுக்கு டிபன் கேரியர் வாங்க வேண்டும். காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வர் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பாதி உண்மை. நல்ல பாத்திரங்களில் வரும் 304 ரகத்தில், 18/8 என்று அடியில் அடித்திருப்பார்களே, சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும், காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசையிலும் ஒட்டாது, ஆகவே ஒட்டவில்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஒட்டுகிற ரகமும் எவர்சில்வர்தான், போலி அல்ல. இண்டக்ஷன் அடுப்புக்கு அடிப்பாகம் ஒட்டினால்தான் வேலையே நடக்கும்.

கேரியரில் காந்தத்தைவிடக் கொக்கியைப் பாருங்கள். அடுக்குகளைப் பூட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, லேசாக ஆட்டுங்கள். கடகடவென்றால் வேண்டாம். பிறகு நடு அடுக்கை எடுத்து மேலே வைத்துப் பூட்டிப் பாருங்கள், நன்றாகச் செய்த கேரியரில் அதுவும் சரியாக உட்காரும். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு போகிற பையனுக்கு ரசம் கொடுத்து அனுப்பாதீர்கள், அதற்கு எந்தக் கேரியரும் பொறுப்பில்லை.

மிக்ஸி வாங்கி நாலு மாதம்தான், சாதாரணமாகத்தான் அரைத்தோம், ஜாரின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்கிறது கடை.
– யீஷூன்

அது கடையின் ஆசை. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் ‘லெமன் லா’ சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஆரம்பத்திலேயே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. முதலில் பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு குரலை உயர்த்தாமல் பேசுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது. ‘நிறம் பிடிக்கவில்லை’ என்று மாற்றுவதற்கெல்லாம் இந்தச் சட்டம் கிடையாது.

கோயம்புத்தூரிலிருந்து அத்தை கிரைண்டர் கொண்டு வருகிறார். இங்கே ஓடுமா?
– ஜூரோங் வெஸ்ட்

ஓடும். இரண்டு இடத்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உருண்டை முள் பிளக்தான் இங்கே நுழையாது. தொளதொள அடாப்டரில் அரை மணி நேரம் மாவு ஆட்டினால் சூடேறும், அதனால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, பாதுகாப்பு முத்திரை உள்ள சதுர முள் பிளக்காக மாற்றிவிடுங்கள். அத்தையின் பெட்டி எடைக்கு என்னிடம் யோசனை இல்லை.

11.11 இணையத் தள்ளுபடி என்றாலே மனைவி அடுக்குப் பெட்டிகளாக வாங்கிக் குவிக்கிறார். வீடு அடைகிறது. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், தெம்பனிஸ்

பெட்டி வாங்குவதற்கு முன் அலமாரியை அளந்தாரா என்று மட்டும் கேளுங்கள், அதுவும் சாப்பிட்ட பிறகு. வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் வரி இல்லை என்ற காலமும் போய்விட்டது. 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023லிருந்து ஜிஎஸ்டி உண்டு, இப்போது 9 விழுக்காடு. இருக்கிற பெட்டிகளைக் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடம் தள்ளிவிடலாம் என்று நானும் ஒருமுறை கீழே தூக்கிக்கொண்டு போனேன். பழைய பேப்பரை எடுத்துக்கொண்டார், பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எல்லாவற்றையும் லிஃப்டில் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன்.