பட்டியலில் முன்னால், நேர்காணலில் பின்னால்

கேள்வி: வரலாற்றில் முனைவர் பட்டம், நெட் (உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, பதினோரு கட்டுரைகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலைக்கான முதற்கட்டப் பட்டியலில் முன்னணியில் இருந்தேன். பத்து நிமிட நேர்காணல், வேலை வேறொருவருக்கு. இது நியாயமா?
- வாசகர், திருவாரூர்

பதில்: எரிச்சல் புரிகிறது, ஆனால் விதியே அப்படித்தான். 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி, உங்களைப் பட்டியலில் முன்னால் நிறுத்திய மதிப்பெண்கள் நேர்காணலுக்கு ஆள் பொறுக்க மட்டுமே, பல்கலைக்கழகங்களில் தேர்வு முழுக்க முழுக்க நேர்காணலை வைத்துத்தான் நடக்கும். முனைவர் பட்டத்துக்கு 30, நெட்டுக்கு 5 என்று சேர்த்து வைத்ததெல்லாம் அறை வாசலோடு சரி. கட்டுரைக்குத் தலா 2, உச்சவரம்பு 10, அதாவது ஐந்துக்கு மேல் நீங்கள் எழுதிய ஆறும் அந்தக் கணக்கில் வீண் (காசு கட்டி அச்சடிக்கும் இதழ்கள் பக்கம் ஓடுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்).

கலைப் பாடக்காரர்களுக்கு இன்னொரு இடி: முதுகலையில் 80 சதவீதம் எடுத்தால்தான் அந்தப் பட்டியலில் அதற்கான முழு 25 மதிப்பெண். வரலாற்றில் எண்பதை யார் சும்மா தூக்கிப் போடுகிறார்கள்?

பத்து நிமிடத்தில் ஒருவர் ஆவணக் காப்பகத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து படித்ததை எடைபோட முடியாது என்பதுதான் என் கருத்து. வகுப்பெடுக்கச் சொல்லிப் பார்க்கலாம், ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தையாவது முன்கூட்டியே வாங்கிப் படிக்கலாம். சரி, இப்போதைக்கு நேர்காணலில் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய்தான்.