பெனரில் ஒன்பது பேர்

கேள்வி: மட்டக்குளியில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு நாட்கூலி. மகளை ஜனவரியில் முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டும். பக்கத்தில் இரண்டு தமிழ் அரச பாடசாலைகள். பெரியதில் 120 பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, 9 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டியதாகப் பெனர் தொங்குகிறது. சின்னதில் 18 பேர் எழுதி 2 பேர்தான். பெரியதுதானே நல்லது?
- ஒரு தாய், கொழும்பு 15

பதில்: தங்கச்சி, எழுதியவர்களின் கணக்கை விசாரித்து வைத்திருக்கிறீர்களே, பாதி வேலை முடிந்தது. பெரியதில் நூற்றுக்கு ஏழரைப் பேர், சின்னதில் பதினொரு பேர். அதற்காகச் சின்னதுக்கு ஓடவும் வேண்டாம். 18 பேரில் ஒரு கெட்டிக்காரி கூடினாலும் குறைந்தாலும் கணக்கே புரண்டுவிடும். மூன்று வருடப் பெறுபேற்றைச் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம் அந்த வெட்டுப்புள்ளி. மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் அது மாறும். உதவிப்பணம் யாருக்கு, பெரிய கல்லூரியில் இடம் யாருக்கு என்று பிரிக்கத்தான் 200 புள்ளிக்கு இந்தப் பரீட்சை. ஒரு புள்ளியில் தவறிய பிள்ளையும், எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளையும் பெனரில் இல்லை. அந்த 9 பேரில் எத்தனை பேர் பின்னேரம் ரியூஷனுக்குப் போனவர்கள்? அதையும் பெனர் சொல்லாது. (நானும் ஒருகாலம் பெனரைப் பார்த்து முடிவெடுத்தவள்தான்.)

உங்கள் மாடியிலேயே இரண்டு பாடசாலைக்கும் போகும் மூன்றாம் தரப் பிள்ளைகள் இருப்பார்கள். கொப்பியை வாங்கிப் பாருங்கள். பிழையைச் சுழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, பிள்ளை கீழே திரும்ப எழுதியிருக்கிறதா? இல்லை, பிழைக்கும் சேர்த்துப் பக்கம் முழுக்கச் சிவப்புச் 'சரி'யா? பிறகு, இன்னும் படிப்பிக்காத பாடத்தைப் புரட்டி நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். படித்த பாடமென்றால் பார்க்காமலே ஒப்புவித்துவிடுவார்கள், ஏமாந்து போவீர்கள்.

அதிபர்கள் இரண்டு பேருமே தங்கள் பாடசாலையை நல்லதென்றுதான் சொல்வார்கள். பாடசாலை விடும் நேரம் கேற்றடியில் நிற்கும் தாய்மாரைக் கேளுங்கள். வகுப்புக்கு டீச்சர் இருக்கிறாரா, இல்லை ஒருவரே இரண்டு வகுப்பைப் பார்க்கிறாரா? வீட்டில் காசில்லாத வாரம் பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் ஏனென்று யாராவது போன் எடுத்துக் கேட்கிறார்களா? நம் பக்கத்தில் பல பிள்ளைகள் பின்தங்குவது அந்த மூன்று நாளில்தான். இரண்டிலும் ஒரே பதில் வந்தால், நடந்து போகக்கூடியதில் சேருங்கள். ஓட்டோக் காசாவது மிஞ்சும்.